மசில் பிரேக் பொருத்துவது தகுமா?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
பிரான்சில் வாழும் என் அண்ணன், அங்கே உரிமம் பெற்றுக் காட்டுப்பன்றி வேட்டைக்குச் செல்பவர். அவருடைய .300 வின்செஸ்டர் மேக்னம் துப்பாக்கி தோளைப் பலமாக உதைப்பதால், குழல் முனையில் மசில் பிரேக் (உதைப்பைக் குறைக்கும் துளையிட்ட இணைப்பு) பொருத்தலாமா என்று கேட்கிறார்.

மறுமொழி (மஞ்சக்குப்பம், கடலூர்):
நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை பழங்கதையாகிவிட்டது. ஆயினும் இராணுவத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தம்பி. தோட்டாவைத் தொடர்ந்து பாயும் வாயுவைப் பிரேக்கின் துளைகள் பக்கவாட்டில் திருப்பிவிடுவதால் பின்னுதைப்பு வெகுவாகக் குறையும். வெடிமருந்து மிகுந்த மேக்னம் தோட்டாவில் இந்தப் பலன் கூடுதல். குழல் துள்ளாததால், குண்டு பட்ட இடத்தைத் தொலைநோக்கியிலேயே காணலாம்.

மறுமொழி (லாஸ்பேட்டை, புதுச்சேரி):
ஐயா காதை மறந்துவிட்டார். 140 டெசிபலைத் தாண்டும் வெடியோசை ஒரே முறையில்கூடச் செவியைக் கெடுக்கலாம். பிரேக் இல்லாத வேட்டைத் துப்பாக்கியே அந்த அளவைக் கடக்கும்போது, பிரேக் அவ்வோசையைச் சுடுபவர் பக்கமும் அருகில் நிற்பவர் பக்கமும் திருப்புகிறது. உடன் வரும் நாய்க்குக் காதுக்காப்பு யார் மாட்டுவது? படுத்துச் சுட்டால் புழுதி வேறு.

கேட்டவர்:
அண்ணன் நாய்களுடன்தான் செல்கிறார். பயிற்சியின்போது மட்டும் மாட்டி, வேட்டையில் கழற்றிவிட்டால்?

மறுமொழி (மஞ்சக்குப்பம், கடலூர்):
கழற்றினால் குண்டு படும் இடம் மாறக்கூடும். மீண்டும் சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்ய வேண்டும். செவி பற்றிய கண்டனத்தை ஏற்கிறேன். முதலில் அடிக்கட்டையில் நல்ல ரப்பர் மெத்தை பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.