ஓவியப் பாடவேளை சோறு போடுமா?

(பேசறவங்க மூணு பேர்: சென்னிமலைத் தறிக்காரர், திருப்பூர் துணி பிரிண்டிங் பட்டறைக்காரர், ஈரோட்டுல லேப் டிப், அதாவது சாய நிற மாதிரி, பாக்கற தம்பி.)

சென்னிமலைத் தறி: அரசுப் பள்ளியில ஓவியப் பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கறது வழக்கமாயிருச்சு. "வளர்ற நாட்டுக்குப் படம் வரையறது எதுக்கு"ன்னு கேக்கறாங்க. நம்ம கொங்கு நாட்டுல அது சோறு போடற படிப்புங்க. கரூர் திரைச்சீலை, பவானி ஜமுக்காளம், கோவை கோரா சேலை, எல்லாமே கோட்டுலயும் நிறத்துலயும் விக்கற சரக்கு.

திருப்பூர் பிரிண்டிங்: ஒத்துக்க மாட்டேனுங்க. ஏற்றுமதி ஆர்டர்ல டிசைன் பையர்கிட்டருந்து, அதான் துணி வாங்கற வெளிநாட்டுக் கம்பெனிகிட்டருந்து, வருது. கழுத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழ பிரிண்ட், நிறத்துக்கான பான்டோன் எண் என்ன, அத்தனையும் அவங்க அனுப்பற டெக் பேக்குங்கற விவரத்தாள்ல இருக்கும். 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப மறுபடி திறக்க வழிவிட்டது கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொழில்நுட்பம். ஆள் தட்டுப்பாடு மெஷின் பூட்டற பிட்டருக்கும் கெமிஸ்ட்டுக்கும்தான். அரசாங்கக் காசு ஐடிஐக்குப் போகட்டும்.

சென்னிமலைத் தறி: டெக் பேக் வந்தாலும் துணியில ஏத்தறது நம்ம கை. துணி மேல உருண்டு அச்சடிக்கற ரோட்டரி ஸ்கிரீன் உருளையோட சுற்றளவு பெரும்பாலும் 64 செ.மீ. பையர் குடுத்த பூ 20 செ.மீ.க்கு ஒருக்கா திரும்ப வர்ற ரிப்பீட்டுன்னா மூணு தடவை போக 4 செ.மீ. மிஞ்சும். மிச்சமில்லாம மூணு தடவை வர 21.3-க்குப் பெருசாக்கணும், இல்லாட்டி நாலு தடவை வர 16-க்குச் சுருக்கணும். எந்தக் கொடியை எங்க திருப்பினா சேர்மானம் தெரியாதுங்கறது வரைஞ்சு பழகின கண்ணுக்குத்தான் பிடிபடும். தப்பாச் சேர்த்தா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு குறுக்குக்கோடு விழும்.

அட்டையில குத்தின ஓட்டைப்படி தறியிலயே பூ நெய்யற ஜக்கார்டுல இன்னும் மோசம். அங்குலத்துக்கு நெட்டு இழை (பாவு) 64, குறுக்கு இழை (ஊடை) 48-ன்னு வைங்க. ஒரு இழைக்கு ஒரு கட்டம். ஒரு அங்குல வட்டத்துக்குக் கட்டத்தாள்ல 64 கட்டம் அகலம், 48 கட்டம் உயரம்னு நசுங்கினாப்புல வரையணும். ரெண்டு பக்கமும் 64 வரைஞ்சா துணியில 1.33 அங்குல உயரத்துக்கு முட்டையா நிக்கும். அட்டை குத்தி முடிஞ்ச பிறகு திருத்தறது பெரும்பாடு. பெரிய இலையில ஊடை, பாவோட கட்டு விழாம நீளமா மிதந்தா விரல்ல மாட்டி இழுபடும். அந்தக் கட்டையே இலை நரம்பா மாத்தி வைக்கறது ஓவியக்காரன் வேலைங்க.

ஈரோடு லேப் டிப்: இதுல நிறத்தை விட்டுட்டீங்க.

திருப்பூர் பிரிண்டிங்: நிறம் அளந்து பாக்க ஸ்பெக்ட்ரோ மெஷின் இருக்கே, தம்பி. அதுக்கு ஓவியம் எதுக்கு?

ஈரோடு லேப் டிப்: அண்ணா, அது நிறம் ஒத்திருக்கான்னு சொல்லும், எந்த நிறத்தைக் குறைக்கலாம்னு சொல்லாது. அச்சுல ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிலிம், ஒரு ஸ்கிரீன், அதை மெஷின்ல பொருத்த ஒரு செட்டிங். ஏழு நிற டிசைன்ல இளம்பச்சையைக் கரும்பச்சை ஸ்கிரீன்லயே புள்ளியா உடைச்சு, மஞ்சள் மேல சிவப்பு ஏறின இடத்தை ஆரஞ்சா விட்டா அஞ்சு ஸ்கிரீன் போதும். மிச்சமாகற ரெண்டு ஸ்கிரீன் காசு பட்டறைக்கு லாபம்தானுங்களே?

திருப்பூர் பிரிண்டிங்: அது சரி, ஸ்கிரீன் கணக்கு ஞாயம். ஆனா இப்ப நடக்கற வகுப்புல மலை, சூரியன், தென்னைமரம்தான் வரையறாங்க. அதிலிருந்து இந்தக் கண்ணு வராது.

சென்னிமலைத் தறி: வராதுங்க, அதை ஒத்துக்கறேன். 2012-ல பகுதிநேர ஓவிய ஆசிரியர்களை மாசம் 5,000 ரூபாய்க்கு எடுத்தாங்க. பகுதிநேரச் சம்பளத்துல பாடத்தை மாத்துன்னு யாரைக் கேக்க முடியும்? முதல்ல ஆசிரியருக்கு முழுச் சம்பளம் வேணும். பாடம் எளிசு. 20 செ.மீ. சதுரத் தாள்ல ஓரம் தொடாம நடுவுல பூ வரையணும். நெட்டுக்கு வெட்டி இடது வலது மாத்தி ஒட்டணும். குறுக்க வெட்டி மேல் கீழ் மாத்தி ஒட்டணும். இப்ப நடு வெறுமையா இருக்கும். அதை ஓரத்தைத் தொடாம நிரப்பினா எந்தப் பக்கம் அடுக்கினாலும் சேர்ற ரிப்பீட் ரெடி. ஒன்பதாம் வகுப்புக்கு ரெண்டு பாடவேளை போதும்.

திருப்பூர் பிரிண்டிங்: அந்தப் பாடம்னா சரிங்க, கணக்கு வாத்தியார் பாடவேளையைத் திருப்பிக் குடுக்கட்டும். ஆனா ஐடிஐ காசுல கை வைக்கக்கூடாது. ஆசிரியருக்கு யார் பழக்குவாங்க?

ஈரோடு லேப் டிப்: சேலத்துல இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்குங்கண்ணா. கோடை லீவுல பத்து நாள் போதும். கட்டத்தாளும் பழைய ஜக்கார்டு அட்டையும் நம்ம பட்டறைங்களே குடுக்கலாம்.