எல்லோரும் ஒப்புதல் கொடுத்தார்கள், பாகம் மட்டும் கலந்துவிட்டது. என்ன செய்யலாம்?

வரைபலகை:
பம்ப் தயாரிக்கும் பெரிய நிறுவனம் ஒன்றில் டிசைன் மாற்றங்களைக் கவனிப்பது என் வேலை. போன மாதம் ஒரு சீல் வளையத்தை நைட்ரைல் ரப்பரிலிருந்து வைட்டான் என்ற வேறு வகை ரப்பருக்கு மாற்றினோம். டிராயிங் ரிவிஷன் சி ஆனது, பாக எண் பழையதே. டிசைன், கொள்முதல், உற்பத்தி என எல்லோரும் டிசைன் மாற்றங்களைப் பதிந்து நிர்வகிக்கும் பி.எல்.எம். மென்பொருளில் ஒப்புதல் கொடுத்தார்கள். ஆனால் ஸ்டோரில் ஒரே டப்பாவில் பழசும் புதுசும் கலந்து கிடந்தன. இரண்டும் கறுப்பு, ஒரே அளவு. வைட்டான் கனம் கூட என்பதால், ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பிரித்தோம். முழுதாக இரண்டு நாள் போனது.

கையெழுத்துகள் ஏற்கெனவே ஒன்பது. பத்தாவது வேண்டாம். வேலை செய்கிறவர்களே தங்களுக்குள் பேசி இப்படிப்பட்டதை முன்கூட்டியே பிடிக்கும் வழி உங்கள் இடத்தில் இருக்கிறதா?

எண்காப்பாளர்:
முதலில் பாக எண். பழையதையும் புதியதையும் எந்த இடத்திலும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது என்றால் புது எண் கொடுத்தே ஆகவேண்டும், ரிவிஷன் போதாது. ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரத்தைப் படித்துப் பாருங்கள். ஓடும்போதே இன்ஜினை அணைத்துவிடக்கூடிய அந்த சுவிட்சைத் திருத்த 2006இல் ஒப்புதல் ஆனது, எண்ணை மாற்றவில்லை. சில ஆண்டுகளில் தயாரான கார்களில் மட்டும் ஏன் கோளாறு என்று தேடியவர்கள் வெகுநாள் திணறினார்கள். கார்களைத் திரும்ப அழைத்தது 2014இல். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.

உதிரிப்பிரிவு:
நான் சர்வீஸில் இருக்கிறேன். எங்களிடம் செவ்வாய்தோறும் அரை மணி நேரம் ஒரு மேஜை உண்டு. டிசைன், கொள்முதல், ஸ்டோர், அசெம்பிளி, தரம், சர்வீஸ் என்று துறைக்கு ஒருவர். மேலாளர்கள் வருவதில்லை. மாறப்போகும் பாகத்தைக் கையோடு கொண்டுவர வேண்டும், ஸ்லைடு கிடையாது. ‘இந்தப் பாகம் இப்போது உங்களிடம் எங்கெல்லாம் இருக்கிறது?’ என்று ஒவ்வொருவரையும் கேட்போம். அவ்வளவுதான். உங்கள் சீலை வைத்திருந்தால் ஸ்டோர்காரர் டப்பாவைச் சொல்லியிருப்பார், நான் வாடிக்கையாளரிடம் இருக்கும் ரிப்பேர் கிட்டைச் சொல்லியிருப்பேன்.

இந்த மேஜை பிறந்ததே ஒரு அடிக்குப் பிறகுதான். ஒரு கன்ட்ரோலர் சிப்பை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. இந்த மாதிரி அறிவிப்புக்கு, சிப் துறைக்குத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரம் சொல்லும் குறைந்தபட்ச அவகாசம், கடைசி ஆர்டருக்கு 6 மாதம், கடைசி டெலிவரிக்கு 12 மாதம். கொள்முதல் உற்பத்திக்கு எவ்வளவு என்று ஒழுங்காகக் கணக்குப் போட்டது. சர்வீஸுக்கு எவ்வளவு என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியவந்தபோது ஆர்டர் தேதி முடிந்து மூன்று வாரம். அந்த போர்டுகளை இன்றும் பழைய இயந்திரங்களிலிருந்து கழற்றித்தான் சமாளிக்கிறோம்.

மாற்றப்பதிவு:
மேஜை நல்லதுதான். ஆனால் அங்கே பேசியது அன்றைக்கே மாற்றக் குறிப்பில் ஏறவேண்டும். எங்கள் மேஜையில் வாய்மொழியாக முடிவான ஒன்றை, அந்த ஆள் வேறு துறைக்குப் போனதும் எல்லோரும் மறந்துவிட்டோம்.

வரைபலகை:
நன்றி. சீலுக்குப் புது எண் கேட்டு இன்றே எழுதிவிட்டேன். ரிப்பேர் கிட் என் நினைவிலேயே இல்லை. எங்கள் சர்வீஸ் ஆளை இப்போதுதான் அழைத்தேன். வெளியே போன கிட்டுகளில் எந்த வளையம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறார். வரும் செவ்வாய்க்கு அவரையும் ஸ்டோர்காரரையும் உட்காரவைக்கிறேன். உதிரிப்பிரிவு, ஒரு சந்தேகம்: ஒரு அமர்வில் எத்தனை பாகம் எடுப்பீர்கள்?

உதிரிப்பிரிவு:
மூன்று. நான்காவதுக்கு வரும்போது தலையாட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள்.