காதலனுக்காக என் கார்டில் தவணை எடுக்கலாமா?

தாழம்பூ:
கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். இரண்டு வருடமாக ஒருவரைக் காதலிக்கிறேன். போன வாரம் அவருடைய லேப்டாப் பழுதாகி நின்றுவிட்டது. ப்ராஜெக்ட் முடிக்க இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. பகுதி நேர வேலை பார்ப்பதால் என்னிடம் கிரெடிட் கார்டு இருக்கிறது. "உன் கார்டில் 12 மாதத் தவணையில் ஒன்று எடுத்துக் கொடு, மாதா மாதம் நான் கட்டிவிடுகிறேன்" என்கிறார். மறுத்தால் நான் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமோ என்று பயம். சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

கணக்கன்:
எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர் நல்லவரா இல்லையா என்ற பேச்சுக்கே நான் போகவில்லை. உங்கள் கார்டில் வாங்கினால் அது உங்கள் கடன். அவர் ஒரு மாதம் தவறினால் தாமதக் கட்டணமும் வட்டியும் உங்கள் தலையில்தான் விழும், கடன் கொடுக்கும் முன் வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்ணான கிரெடிட் ஸ்கோர் குறைவதும் உங்களுக்குத்தான். யாருக்காக வாங்கினீர்கள் என்று எந்த வங்கியும் கேட்காது.

தவணை தவறி, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி ஓட்டலாம் என்று இறங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். பாக்கி 10,000, மாத வட்டி 3 சதவீதம், மாதம் கட்ட வேண்டியது பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் கட்டும் 500-ல் 300 வட்டிக்கே போய்விடும். இப்படியே ஒரு வருடம் கட்டினால் கையை விட்டுப் போனது ஏறக்குறைய 5,380. கடனில் குறைந்தது 2,150 மட்டுமே. படிக்கிற வயதில் இந்தச் சுழலில் மாட்டியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மழைக்குருவி:
கணக்கு சரிதான். ஆனால் என் கதையையும் கேளுங்கள். நான் படிக்கும்போது தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் வந்துவிட்டது. வீட்டில் கையை விரித்துவிட்டார்கள். மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் அழுதேன். இன்று என் கணவராக இருப்பவர் அப்போது என் வகுப்புத் தோழர். அவரிடமும் பணம் இல்லை. தன் பெயரில் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, ரசீதை என் கையில் திணித்தார். மடித்து மடித்து அதன் ஓரமெல்லாம் நைந்துபோய்விட்டது, இன்னும் வைத்திருக்கிறேன். அவர் அன்று தயங்கியிருந்தால் என் படிப்பு அந்த வருடமே நின்றிருக்கும். எல்லோரையும் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லித் தராதீர்கள்.

கணக்கன்:
படிக்கும்போது மனம் நெகிழ்ந்தது, உண்மையாகவே. உதவவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கையில் இருப்பதில், திரும்பி வராவிட்டாலும் தன் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் இடிக்காத ஒரு தொகையைக் கைமாற்றாகக் கொடுக்கட்டும். பணத்தைக் கொடுப்பது வேறு, பெயரைக் கொடுப்பது வேறு. கொடுத்த பணம் திரும்பாவிட்டால் நஷ்டம் அதோடு நிற்கும். பெயரைக் கொடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

மழைக்குருவி:
கையில் இருப்பதைக் கொடு என்பது கையில் இருக்கிறவர்களுக்குச் சொல்லும் அறிவுரை. இல்லாதவர்களிடம் அவர்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதையும் கொடுக்கக் கூடாது என்றால், ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எதைக் கொண்டு தாங்கிப் பிடிப்பது?

நடைவழி:
இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, பட்டது மட்டும் இருக்கிறது. காதலித்த பெண்ணின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். ஜாமீன் என்றால் பாதி பொறுப்பு என்று நினைத்திருந்தேன். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் முழுத் தொகையையும் ஜாமீன் போட்டவரிடம் கேட்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்புறம் நாங்கள் பிரிந்துவிட்டோம். கடன் பிரியவில்லை. ஒவ்வொரு மாதமும் 4ஆம் தேதி இரவு அவளுக்கு ஒரு வரி அனுப்புவேன்: "நாளைக்கு 5ஆம் தேதி." அவளும் "கட்டிவிட்டேன்" என்று ஒரு வரி அனுப்புவாள். ஒரு மாதம் கூட அவள் தவறவில்லை. அப்படியும் பதினோரு மாதம் அந்தக் காயம் ஆறவே இல்லை, இரண்டு பேருக்கும். இந்தப் பக்கத்தை யாரும் யோசிப்பதில்லை.

திருகாணி:
லேப்டாப்பை யாராவது திறந்து பார்த்தார்களா? திரையோ சார்ஜர் பகுதியோ மட்டும் போயிருந்தால் புதிது வாங்கும் செலவில் ஒரு சிறு பங்கில் சரியாகிவிடும். எதுவானாலும் முதலில் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் ப்ராஜெக்டை வெளியே எடுங்கள். இரண்டு மாதத்துக்குக் கல்லூரி லேப் போதும்.

மழைக்குருவி:
நடைவழி சொன்னதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். தாழம்பூ, என் கணவர் கடன் வாங்குவதற்கு முன் என் வீட்டு நிலைமை முழுக்க அவருக்குத் தெரியும். உங்கள் காதலரின் நிலைமை அப்படி உங்களுக்குத் தெரியுமா? அவர் பெயரில் ஏன் தவணை கிடைக்கவில்லை? இதுவரை கடனே வாங்காததால் மறுக்கிறார்களா, வாங்கியதைக் கட்டாததால் மறுக்கிறார்களா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கோபப்படாமல் கேளுங்கள்.

தாழம்பூ:
நேற்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு போனைத் திறந்து என் பக்கம் திருப்பினார். இரண்டு கடன் செயலிகள், இரண்டிலும் பாக்கி. நாங்கள் வெளியே போகும்போதெல்லாம் "நீ பர்ஸை எடுக்காதே" என்பாரே, அந்தச் செலவில் பாதி இந்தக் கடனில்தான் நடந்திருக்கிறது. நான் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. நான்தான் கொடுக்கிறேன் என்று சொல்லியும் அவர் விட்டதில்லை. கடன் இருப்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதை மறைத்துக்கொண்டு என் கார்டைக் கேட்டதுதான் தாங்கவில்லை.

மழைக்குருவி:
வெட்கத்தில் மறைத்திருப்பார். காதலிக்கிறவர் முன்னால் இல்லை என்று சொல்ல எவ்வளவு கூசும் என்று எனக்குத் தெரியும்.

கணக்கன்:
வெட்கம் புரிகிறது. ஆனால் கார்டைக் கேட்ட அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன். தாழம்பூ, இரண்டு கடனில் எதற்கு வட்டி அதிகம் என்று பார்த்து அதை முதலில் அடைக்கச் சொல்லுங்கள். மற்றதற்குக் கட்ட வேண்டிய தவணை தவறாமல் போகட்டும்.

தாழம்பூ:
"கேட்ட அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும்" என்றுதான் நானும் அவரிடம் சொன்னேன், அழுதுகொண்டே. கார்டு கிடையாது என்றும் சொல்லிவிட்டேன். பழுது பார்க்கும் செலவைச் சம்பளத்திலிருந்து தருகிறேன், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்துத்தான். ஞாயிற்றுக்கிழமை லேபில் உட்கார்ந்து பாக்கி முழுவதையும் எழுதப் போகிறோம். நோட்டு அவரே வாங்கி வைத்திருக்கிறார்.