ஒரே ரோல், இரண்டு ஊர்: ஃபிரேம் பொருந்த என்ன வழி?

கேள்வி: வேறு நாட்டில் இருக்கும் நண்பரும் நானும் ஒரே 35 மி.மீ. ரோலில் (கலர் நெகட்டிவ், ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400) ஒருவர் படத்தின் மேல் மற்றவர் படம் விழும்படி எடுக்கப் போகிறோம். நான் எடுத்து ரீவைண்ட் செய்து அனுப்புவேன். ஃபிரேம் நகராமல், படம் வெளிறாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில் 1: ஃபிலிமை மாட்டித் தொய்வில்லாமல் இழுத்தபின், ஃபிரேம் ஜன்னலின் இடது ஓரத்துக்கு நேராக மார்க்கரால் கோடு போடுங்கள். அவரும் அந்தக் கோட்டைத் தன் கேமராவில் அதே ஓரத்தில் நிறுத்தி மூடட்டும். பிறகு இருவருமே லென்ஸ் மூடியோடு இரண்டு ஷாட் தள்ளுங்கள். ஃபிலிம் ஓரத்தில் ஃபிரேமுக்கு எட்டுத் துளை. ஒரு துளை பிசகினாலே கிட்டத்தட்ட 5 மி.மீ. விலகிவிடும். முழு ரோலையும் முதலில் வெளியே சுற்றிக்கொண்டு கடைசியிலிருந்து எடுக்கும் ஆட்டோ கேமரா வேண்டவே வேண்டாம்.

பதில் 2: இருவரும் ஒளி மீட்டரை ஐஎஸ்ஓ 800-இல் வையுங்கள். தலா ஒரு ஸ்டாப் (அதாவது பாதி ஒளி) குறைந்தால் சேரும்போது சரியாகிவிடும். அதைவிட முக்கியம் இருட்டு. வெளுத்த வானத்தின் மேல் எதுவும் தெரியாது. நீங்கள் எதிர்வெளிச்சத்தில் ஒரு முகத்தைக் கருப்பாக எடுத்தால், அவருடைய இலைகள் அந்த முகத்துக்குள் அழகாக உட்காரும். ஃபிரேம் எண், கருமை எந்தப் பக்கம், கேமரா குறுக்கா நெடுக்கா என்று எழுதிச் சேர்த்து அனுப்புங்கள்.

பதில் 3: ரீவைண்ட் கைப்பிடி சட்டென்று லேசானதும் நிறுத்துங்கள், லீடர் (ஃபிலிமின் முன் நுனி) வெளியே நிற்கும். விமானத்தில் யாராவது கொண்டுபோனால் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது, அங்குள்ள ஸ்கேனர் ஃபிலிமைப் புகைமூட்டமாக்கிவிடும். ஃபிரேம் விலகியிருந்தால் படத்தின் நடுவே வெட்டிவிடக் கூடும், அதனால் கழுவும் லேபில் 'ஃபிலிமை வெட்ட வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள்.