ஹம்மிங் பேர்ட் வரைஞ்சு ஊர் ஊரா ஸ்டால் போடறேன், நம்மூர் பறவைக்கு மாறோணுமா?

காங்கயம்_தூரிகை:
வணக்கமுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனில எட்டு வருசம் பிரிண்ட் டிசைனரா இருந்தேன், ரெண்டு வருசமா அதை விட்டுப்போட்டு கோயமுத்தூர், ஈரோடு, சேலம், மே மாசம் ஊட்டி, ஜனவரில பெங்களூரு சித்ர சந்தைன்னு ஸ்டால் போடறதுதான் பொழப்பு. வரையறது முக்காவாசி ஹம்மிங் பேர்ட். ஒரு அமெரிக்க ஆர்டருக்கு குழந்தைங்க டீசர்ட்ல ரூபி த்ரோட்டட்ங்கற செவப்புக் கழுத்து ஹம்மிங் பேர்ட் வரையச் சொன்னாங்க, அதுக்காக வீடியோ பாக்க ஆரம்பிச்சது, மூணு கிராம் எடைல இருக்கற குருவி மெக்சிகோ வளைகுடாவை நிக்காம 800 கிலோமீட்டர் தாண்டுதுன்னு தெரிஞ்சப்ப எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலைங்க. ராத்திரி பஸ்ல படத்தை மடில வெச்சுட்டு வரப்ப எல்லாம் அதைத்தான் நெனச்சுக்குவேன்.

பிரச்சனை என்னன்னா, ஸ்டாலுக்கு வரவங்க "இது நம்ம தேன்சிட்டுதானுங்க, எங்க தோட்டத்துலயே இருக்குது"ன்னு ஆசையா எடுப்பாங்க, இல்லீங்க இது வட, தென் அமெரிக்கக் கண்டங்கள்ல மட்டும் இருக்கறதுன்னு சொன்னா படத்தைத் திருப்பி வெச்சுப்போட்டுப் போயிடறாங்க. பொய் சொல்லி விக்க மனசு வரலை. தேன்சிட்டுக்கே மாறிரலாமா? இன்னொண்ணு, கழுத்துச் செவப்பு எத்தனை தடவை போட்டாலும் குங்குமம் அப்புனாப்பல தட்டையா நிக்குது. போன ஆடில காத்துல பந்தல் தூக்கி நாலு கண்ணாடி பிரேமும் போச்சு, அதுக்கும் வழி சொன்னா புண்ணியமாப் போகும்.

சேலத்து_ஸ்டால்காரர்:
அம்மிணி, மொதல்ல காத்தைப் பாருங்க. ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாய்ல நுழைஞ்சு நேரா நம்ம பக்கம்தான் அடிக்கும், உடுமலை பல்லடம் பூரா காத்தாடி நட்டு வெச்சிருக்கறது சும்மா இல்லை. ஆனி ஆடில திறந்த மைதானத்துல எடமே எடுக்காதீங்க, மண்டபத்துக்குள்ள போடற கண்காட்சியாப் பாத்துப் போங்க. எடுத்தே ஆகோணும்னா நாலு காலுக்கும் மணல் மூட்டை கட்டுங்க, தண்ணி கேன் வேண்டாம், சாயும், நானே பட்டிருக்கேன். மேற்குப் பக்கம் துணி கட்டி முழுசா அடைக்காதீங்க, அதுதான் பாய்மரமாட்ட தூக்குறது, காத்து புகுந்து போக எடம் விடோணும். கண்ணாடிக்குப் பதிலா அக்ரிலிக் சீட் போடுங்க, கீறல் விழும், ஆனா பஸ்ல ஏத்தி எறக்கப் பயமில்லை. அப்பறம் பெரிய படம் எல்லாம் பாக்கறதுக்குத்தான், அன்னைக்குச் சோத்துக்கு வழி உள்ளங்கை அளவு பிரிண்ட்டுதான்.

குளத்தேரிக்_குருவி (கோவை):
உங்க ஸ்டால் படம் ஒண்ணு பாத்த ஞாபகம், கூட்டுல ரெண்டு குஞ்சு, அப்பனும் ஆத்தாளும் சேந்து ஊட்டற மாதிரி. அழகு, ஆனா ஹம்மிங் பேர்ட்ல ஆண் கூட்டுப் பக்கமே வராதுங்க, கட்டறது அடைகாக்கறது ஊட்டறது எல்லாம் பொட்டைதான். நம்ம ஊதாப்பிட்டத் தேன்சிட்டுல ஆணும் வந்து குஞ்சுக்கு ஊட்டும், நீங்க போட்ட குடும்பப் படம் இதுக்குத்தான் பொருந்தும். கூடும் வேற, அங்க சின்னக் கிண்ணமாட்ட, இங்க கிளைல தொங்கற பையாட்ட, ரெண்டுலயும் ஒட்டறதுக்கு சிலந்தி வலைதான். தோட்டத்துல பாத்தேங்கறவங்கள்ல பாதிப்பேரு பாத்தது குருவியே இல்லாம இருக்கும், இட்லிப்பூ மேல அந்தரத்துல நிக்கற அந்துப்பூச்சி ஒண்ணு இருக்குது, தலைல உணர்கொம்பு தெரிஞ்சா அது பூச்சி. அவங்ககிட்ட "இல்லை"ன்னு ஆரம்பிக்காதீங்க, "நீங்க பாத்தது எந்தப் பூவுல, உக்காந்து குடிச்சுதா பறந்துட்டே குடிச்சுதா"ன்னு கேளுங்க, தேன்சிட்டு பெரும்பாலும் உக்காந்துதான் குடிக்கும், பேச்சு தானா வளரும்.

கோபி_வாய்க்கால்:
நான் ஒத்துக்க மாட்டேங்க. நம்மூர்ல மீன்கொத்தி, பனங்காடை, கொண்டலாத்தின்னு இத்தனை இருக்கறப்ப நேர்ல பாக்காத பறவைய எதுக்கு வரையோணும்? பாத்து வரையற படத்துல ஒரு உசுரு இருக்கும்.

வண்ணச்_சாயம் (ஈரோடு):
@கோபி அவங்க மனசு எதுல இருக்குதோ அதுலதான் கை ஓடும், அதை மாத்தச் சொல்லாதீங்க. நெறம் பத்தி மட்டும் சொல்றேன். அந்தக் கழுத்துச் செவப்பு சாயமே இல்லைங்க, இறகுக்குள்ள இருக்கற நுண்ணிய அடுக்குல வெளிச்சம் பட்டுத் திரும்பறதுல வர நெறம், அதனாலதான் கொஞ்சம் திரும்புனா கருப்பாயிடுது. செவப்பைச் செவப்பாவே போட்டா தட்டையாத்தான் நிக்கும். கழுத்தை மொதல்ல கருப்பாப் போடுங்க, காயட்டும், மேல மைக்கா கலந்த இன்டர்பியரன்ஸ் பெயிண்ட், பாக்கற கோணத்துக்கு ஏத்தாப்பல நெறம் மாறுமே அது, மெல்லிசா ஒரு கோட், அப்பறம் நல்ல செவப்பு நாலஞ்சு இறகு நுனில மட்டும். ஸ்டால்ல லைட் நேரா வைக்காம ஒரு ஓரத்துல இருந்து அடிங்க, ஆளு நகர நகர கழுத்து பத்திக்கும். ஊதாத் தேன்சிட்டுன்னு நம்மூர்ல இன்னொரு வகை இருக்குது, அதோட ஆணுக்கும் இதே கணக்குதான், நெழல்ல கரிக்குருவியாட்டத்தான் தெரியும்.

காங்கயம்_தூரிகை:
எல்லாருக்கும் நன்றிங்க. குடும்பப் படத்தைக் கழட்டிட்டேன், இத்தனை நாள் தப்பா வித்திருக்கேன், மனசுக்குக் கஷ்டமாப் போச்சு, வாங்குனவங்கள்ல நம்பர் இருக்கற மூணு பேருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். கோபி அண்ணா, நீங்க சொன்னதுக்காக ஞாயித்துக்கிழமை அம்மிச்சி தோட்டத்துக்குப் போய் முருங்கைக்கடில வெடியால இருந்து உக்காந்திருந்தேன், ஊதாத் தேன்சிட்டு ஒண்ணு வந்துது, கருப்பாத்தான் இருந்துது, வெய்யல் பட்டுக் கழுத்தைத் திருப்புச்சு பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. ஹம்மிங் பேர்டை விடலை. ஒரே தாள்ல ரெண்டையும், இந்தப் பக்கம் முருங்கைப்பூ அந்தப் பக்கம் ட்ரம்பெட் பூன்னு கருப்பு மேல போட்டுப் பாத்துட்டிருக்கேன். மைக்கா பெயிண்ட் ஈரோட்ல எந்தக் கடைல கெடைக்கும்னு மட்டும் சொல்லுங்க.