காரைக்குடி பக்கம் பேச்சுப் பயிற்சி தருபவர் யாராவது உண்டா?

கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் வீட்டுக்கே வந்து பேச்சுப் பயிற்சி தருபவரைத் தெரிந்தால் சொல்லுங்கள். என் மாமியாருக்குப் போன மாதம் பக்கவாதம். 108 சீக்கிரம் வந்ததால், நாலரை மணி நேரக் கெடுவுக்குள் ஸ்கேன் எடுத்து, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டார்கள். வலது கை ஓரளவு தேறிவிட்டது. பேச்சுதான் வரவில்லை. மூளையின் இடப்பக்கம் அடி வாங்கினால் இப்படி ஆகலாமாம். நாம் சொல்வது புரிகிறது. காப்பி கேட்க வாயெடுத்தால் வேறெதுவோ வருகிறது, அப்புறம் ஒரே கோபம்.

அதைவிடக் கவலை என் ஒன்பது வயது மகள். வீட்டு வளவில் பல்லாங்குழி ஆடும்போது அப்பத்தாவின் வாய் கோணியதை முதலில் பார்த்தவள் அவள்தான். இப்போது யார் கொட்டாவி விட்டாலும் முகத்தையே உற்றுப் பார்க்கிறாள். இரவில் தனியாகப் படுப்பதில்லை. தான் ஜெயித்ததால்தான் அப்பத்தாவுக்கு இப்படி ஆயிற்று என்று நினைக்கிறாள். "இல்லை கண்ணு, ரத்தக்குழாய் அடைப்பு" என்று சொன்னால் தலையாட்டுகிறாள், நம்பவில்லை. பார்க்க வரும் பங்காளிகளோ அவளையே கூப்பிட்டு "என்ன ஆச்சு, சொல்லு" என்று கதை கேட்கிறார்கள்! வயதில் பெரியவர்கள், எப்படித் தடுப்பது?

குழந்தைகளிடம் பேசத் தெரிந்த மனநல ஆலோசகர் மதுரையில் இருந்தாலும் சரி, கூட்டிப்போகிறோம். இதே நிலையைக் கடந்தவர்கள், பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள் என்றும் எழுதுங்கள்.