45 நாள் விடுப்பில் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்ணை ஊரில் பதிவுத் திருமணம் செய்துகொள்ள முடியுமா?

தோப்புக்காரன், கொழிஞ்சாம்பாறை

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர் என்னுடையது. வீட்டில் தமிழ், பத்தாம் வகுப்புவரை படித்ததும் தமிழ்வழியில்தான். எட்டு ஆண்டுகளாகத் துபாயில் கணக்கராக வேலை பார்க்கிறேன். அங்கேயே செவிலியராக இருக்கும், பிலிப்பைன்ஸ் குடியுரிமை கொண்ட கத்தோலிக்கப் பெண் ஒருவரைத் திருமணம் செய்துகொள்ள இருக்கிறேன். இருவருக்கும் இதுவே முதல் திருமணம். இரு வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள். என் அம்மா சம்மதிக்க ஆறு மாதம் ஆயிற்று என்பது தனிக்கதை.

எனக்குக் கிடைக்கும் விடுப்பு 45 நாள். அவருக்கு 30 நாள்தான். அவர் 30 நாள் இ-சுற்றுலா விசாவில் வருவதாகவும், அந்த நாட்களுக்குள் திருமணத்தையும் பதிவையும் முடித்துவிடுவதாகவும் திட்டம். ஓரிரு ஆண்டுகளில் இருவரும் ஊருக்கே திரும்பித் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ள எண்ணுகிறோம்.

ஆளுக்கொரு வழி சொல்வதுதான் குழப்பம். பொள்ளாச்சியில் மண்டபம் பிடித்துத் தாலி கட்டி, தமிழ்நாட்டிலேயே பதிவு செய்துவிடலாம் என்கிறார் தாய்மாமா. கோயிலில் கட்டினாலும் நம் பஞ்சாயத்திலேயே பதிவு கிடைக்கும் என்கிறான் நண்பன். சுற்றுலா விசாவை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், கவலை வேண்டாம் என்கிறார் பயண முகவர். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

ஆதாரம் எழுதுபவர், சித்தூர்

தம்பி, முப்பது ஆண்டுகள் ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் ஆதாரம் (சொத்துப் பத்திரம்) எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். விசாவைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், எந்தச் சட்டத்தின்படி திருமணம் என்பதை முடிவு செய்யுங்கள். விசா அலுவலகம் பார்ப்பது தாலியை அன்று, சான்றிதழை. அந்தச் சான்றிதழ் நிற்குமா என்பதைச் சட்டம்தான் தீர்மானிக்கிறது.

1955 ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். கிறித்தவர் ஒருவருக்கும் இந்து ஒருவருக்கும் அச்சட்டப்படி நடந்த திருமணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றமே 2008 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கு வந்ததும் நமக்குப் பக்கத்து ஆந்திராவிலிருந்துதான். தமிழ்நாட்டில் உள்ள சுயமரியாதைத் திருமணத்துக்கான 7-ஏ பிரிவும் இரண்டு இந்துக்களுக்கு இடையிலானதே. ஆகவே கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போவதால் சட்டம் மாறிவிடாது. மாறுவது காலக்கெடு மட்டும்தான்: திருமணத்தைப் பதிய இங்கே 2008 ஆம் ஆண்டு விதிகளின்படி 45 நாள், அங்கே 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாள். பஞ்சாயத்தில் பதிவது திருமணம் நடந்ததற்கு ஒரு சான்றாகும். செல்லாத திருமணத்தை அது செல்லுபடியாக்காது. உங்கள் நண்பர் இதைக் கவனிக்கவில்லை.

மாதா கோயிலில் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 1872 ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம் பழைய திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதிகளுக்குப் பொருந்தாது. சித்தூர் கொச்சி ராஜ்ஜியத்துத் தாலுகாவாக இருந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அந்த வழியிலும் போக வேண்டாம்.

எஞ்சுவது 1954 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். உங்கள் விடுப்பு அங்கேதான் முட்டுகிறது. அறிவிப்புக் கொடுப்பதற்கு முந்தைய 30 நாட்களாவது உங்களில் ஒருவர் அந்தத் திருமண அலுவலரின் எல்லைக்குள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்பு வெளியிடப்பட்ட பின் ஆட்சேபத்துக்கு மேலும் 30 நாள். அதன்பிறகே மூன்று சாட்சிகள் முன்னிலையில் திருமணம். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நடத்தாவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் 60 நாளுக்கு மேல் ஆகும். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதே, வசிப்பதாகக் காட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் கடவுச்சீட்டில் விமான நிலையம் குத்திய முத்திரை வந்த தேதியைச் சொல்லும். பொய்யாக எழுதிக்கொடுத்த வாக்குமூலம் பின்னாளில் விசா அதிகாரியின் மேசையில் உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

உங்களால் 70 நாள் விடுப்பு எடுக்க முடியுமானால் ஊரிலேயே முறையாக நடத்தலாம். நீங்கள் முன்னால் வந்து வசிப்பு நாளைக் கழித்துவிட்டால், அவர் அறிவிப்புக்கும் திருமணத்துக்கும் ஏற்ற விசாவில் வந்தால் போதும். அறிவிப்பு நாளுக்கும் திருமண நாளுக்கும் இடையிலேயே 30 நாளுக்கு மேல் போய்விடுவதால், நீட்டிக்க முடியாத அந்த 30 நாள் இ-விசா ஒரே பயணத்துக்குப் போதாது.

நகரிக்காரர், அபுதாபி

பெரியவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் நீங்கள் இருவரும் வசிக்குமிடத்தை விட்டுவிட்டு, வசிக்காத இடத்தில் ஏன் 30 நாள் வசிப்பைத் தேட வேண்டும்? அபுதாபியில் முஸ்லிம் அல்லாத வெளிநாட்டவர்களுக்கு உரிமையியல் திருமணம் செய்துவைக்கும் சட்டம் 2021 இல் வந்தது. 2023 பிப்ரவரி முதல் அமீரகம் முழுவதற்கும் அதை ஒத்த சட்டம் நடைமுறையில் இருக்கிறது. துபாயில் இருப்பவர்களும் அபுதாபி நீதித்துறையில் இணையவழி விண்ணப்பித்து, குறித்த நாளில் நேரில் வந்து முடிக்கலாம். சித்தூர் மாவட்டத்து நகரியைச் சேர்ந்த என் தங்கையும், கென்ய நாட்டவரான அவள் கணவரும் அப்படித்தான் செய்தார்கள். (நீங்கள் சித்தூர் என்றதும் ஆந்திரச் சித்தூர் என்று நினைத்து ஆவலோடு உள்ளே வந்தேன். ஏமாற்றம்தான், பரவாயில்லை.)

சான்றிதழ் கைக்கு வந்ததோடு நின்றுவிடாதீர்கள். அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பத்தைப் பெறுங்கள். பிறகு 1969 ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டத்தின் 17 ஆம் பிரிவின்படி, ஒரு தரப்பாவது இந்தியக் குடியுரிமையுள்ளவராக இருந்தால், அயல்நாட்டுச் சட்டப்படி நடந்த திருமணத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிந்துகொள்ள இடமுண்டு. அதைக் கேட்டுப் பெறுங்கள். உங்கள் வருங்கால மனைவி தம் நாட்டுத் தூதரகத்தில் ‘திருமண அறிக்கை’ கொடுக்க வேண்டும். திருமணம் நடந்த நாட்டின் சட்டப்படி செல்லுமானால் பிலிப்பைன்ஸ் குடும்பச் சட்டமும் பொதுவாக அதை ஏற்கும் என்றாலும், அறிக்கை கொடுக்காவிட்டால் அவரது கடவுச்சீட்டில் பெயர் மாற்றவோ, பின்னாளில் அங்கே எதையும் நிரூபிக்கவோ இயலாது. அதற்கு முன்பே, திருமணமாகாதவர் என்று அந்நாட்டுப் புள்ளியியல் ஆணையம் வழங்கும் சான்றையும் வரவழைத்துவிடச் சொல்லுங்கள். அவர்கள் அதைச் ‘செனோமார்’ என்பார்கள்.

குமுளியிலிருந்து ஒரு சகோதரி

சான்றிதழுக்குப் பிறகு நடப்பதை நான் சொல்கிறேன். என் கணவர் ஜெர்மானியர். நாங்கள் பீர்மேடு தாலுகாவில் வசிக்கிறோம். திருமணம் முடிந்து இந்தியாவில் தங்க வரும் துணைக்கு உரியது நுழைவு விசா. எல்லாரும் எக்ஸ் விசா என்பார்கள். சுற்றுலா விசாவில் வந்தவர் அதன் காலத்துக்குள் இந்தியரை மணந்தால் இங்கேயே எக்ஸ் விசாவுக்கு மாற்றக் கோரலாம் என்பது உண்மைதான். ஆனால் பதிவு செய்யப்பட்ட திருமணச் சான்றிதழ், சேர்ந்து வாழ்கிறீர்களா என்ற காவல்துறை விசாரணை, பாதுகாப்பு அனுமதி எல்லாம் அதற்கு வேண்டும். 30 நாள் விசாவில் வந்து அத்தனையையும் முடிக்கப் பார்ப்பது, ஓடுகிற பேருந்தில் ஏறி இருக்கை தேடுவதைப் போன்றது. திருமணத்தை அங்கே முடித்து, அமீரகத்திலேயே எக்ஸ் விசா வாங்கிக்கொண்டு வருவதே நல்லது. அவர் அங்கே வெளிநாட்டவர் என்பதால் சரிபார்ப்புக்குச் சற்றுக் கூடுதல் நாள் ஆகலாம். பயணச்சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடாதீர்கள்.

வந்திறங்கிய பின் இரண்டு கடமைகள். வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள், முன்பு ‘சி’ படிவம் எனப்பட்ட படிவம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். இது விடுதிகளுக்கு மட்டுமான விதி என்று பலர் நினைக்கிறார்கள். சொந்த மாமியார் வீடானாலும் பொருந்தும். உங்கள் அம்மாவால் இணையத்தில் செய்ய முடியாவிட்டால் பக்கத்து அக்ஷயா இ-சேவை மையத்தில் உதவி கேளுங்கள். அடுத்தது, 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அது இப்போது இணையவழியில்தான் நடக்கிறது. எக்ஸ் விசாவை வைத்துக்கொண்டு அவர் செவிலியராக வேலைக்குப் போக முடியாது என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் முதல் ஆண்டுச் சண்டைகளில் பாதி இதனால் வந்தவை.

பதிவு செய்யப்பட்டு, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நீடித்த திருமணம் என்றால் அவர் ‘வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்’ எனப்படும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதன்பின் வேலை பார்க்கலாம், விசா வேண்டாம். மணமுறிவு ஏற்பட்டால் அந்த அட்டையை ரத்து செய்ய முடியும். இந்தியக் குடியுரிமையே வேண்டுமென்றால், இந்தியரை மணந்தவர் என்ற வகையில் ஏழு ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும்.

எங்களுக்கு நான்கு மாதம் வீணானது பெயரால்தான். என் பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயராக, திருமணச் சான்றிதழில் அதுவே விரிவாக. மூன்றும் ஒரே ஆள்தான் என்பதை ஓர் அலுவலகம் ஏற்க மறுத்துக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டது. கடைசியில் வில்லேஜ் ஆபீஸ் வழியாக ‘ஒன் அண்ட் சேம்’ சான்றிதழ் வாங்கித்தான் கரையேறினோம். நம்மைப் போன்ற தமிழர்களுக்கு இது தவறாமல் வரும் தொல்லை. ஊருக்கு வரும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை எழுதத் தயங்கினேன்: விசா முடிந்து ஒரு நாள்கூடத் தங்கிவிடக் கூடாது. அபராதத்தோடு போவதில்லை. அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவர் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி. பெற்றோரில் ஒருவர் அந்த நிலையில் இருக்கும்போது இங்கே பிறக்கும் குழந்தை, மற்றவர் இந்தியராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடியுரிமை பெறாது.

தோப்புக்காரன், கொழிஞ்சாம்பாறை

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து பேசினோம். திருமணத்தை அபுதாபியில் முடித்துத் தூதரகத்தில் பதிந்துவிட்டு, 45 நாள் விடுப்பை ஊர்ச் சடங்குக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்திருக்கிறோம். அம்மாவுக்குத் தாலி கட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. அந்தச் சடங்கைப் பஞ்சாயத்தில் பதிய வேண்டுமா? எருத்தேம்பதியில் இருக்கும் மூன்று ஏக்கர் தோப்பை மருமகள் பெயருக்கு எழுதிவைக்க அம்மா ஆசைப்படுகிறார், அது முடியுமா?

ஆதாரம் எழுதுபவர், சித்தூர்

நல்ல முடிவு. பஞ்சாயத்தில் பதிய வேண்டாம். உங்கள் திருமணம் அபுதாபியில் ஆகிவிட்டது. ஊரில் நடப்பது சடங்கும் விருந்தும். கோயிலில் ரசீது வாங்குங்கள், திருமணச் சான்றிதழ் வாங்காதீர்கள். வேறு தேதியோடு இரண்டாவது சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால், விசாவுக்கும் ஓ.சி.ஐ.க்கும் திருமண நாள் எது என்ற கேள்விக்குப் பதில் எழுதியே களைத்துப்போவீர்கள். அழைப்பிதழிலும் ‘வரவேற்பு’ என்றே அச்சடியுங்கள்.

தோப்பை மருமகள் பெயருக்கு எழுத முடியாது. வெளிநாட்டவருக்கும், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவருக்கும்கூட, விவசாய நிலத்தை விலைக்கோ தானமாகவோ வாங்க அன்னியச் செலாவணிச் சட்டம் இடம் தருவதில்லை. வெளிநாட்டில் வசிக்கும்வரை உங்களுக்கும் இதே தடைதான், ஆகவே நீங்கள் ஊருக்குத் திரும்பிக் குடியேறிய பின் அம்மா உங்கள் பெயருக்கு எழுதட்டும்.

அப்படி எழுதும்போது அம்மாவைப் பற்றியும் யோசியுங்கள். நீங்கள் ஊரில் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்திருந்தால், உங்கள் காலத்துக்குப் பின் சொத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி போயிருக்கும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு, தாய்க்கு ஒன்றுமில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தாய் முதல் வகுப்பு வாரிசு. வெளிநாட்டுத் திருமணச் சட்டத்தின் வழியாக அபுதாபித் திருமணத்திலும் அதே மாற்றம் நேரும் என்பதே என் புரிதல். எப்படியானாலும் அம்மாவுக்கு அந்தத் தோப்பில் ஆயுள் உரிமை உண்டு என்று ஆதாரத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வரும்போது அம்மாவின் ஆதாரும், நிலவரி ரசீதும், பழைய ஆதாரத்தின் நகலும் எடுத்து வாருங்கள்.